பீரோவில் பூட்டிய மாத்திரை

வளைகாப்பு முடிந்த ஞாயிறு மாலை ஏழு மணிக்கு, என் மகளின் மாத்திரை டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஐந்தாம் மாதப் பரிசோதனையில்தான் அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. தினமும் மாத்திரையைத் தவறாமல் போட்டால் வயிற்றுப் பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்று டாக்டர் தைரியம் சொல்லியிருந்தார். ஆனால் அன்று பருத்திப்பட்டில் எங்கள் ஃப்ளாட்டில் என் நாத்தனார் தங்கியிருந்தார். டப்பாவைப் பார்த்தால் என்னவென்று கேட்பார்.

“மாத்திரை குடும்மா” என்றாள் மகள், சமையலறையில் மெதுவாக.

“அத்தை கெளம்பட்டும்டி.”

நாத்தனார் கிளம்பவில்லை. மகளின் கால் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, “பிரசவம் வரைக்கும் ஒத்தாசைக்குக் கீறேன்” என்றார். பீரோ இருந்த அறையில்தான் படுத்தார். சாவி என்னிடம்தான் இருந்தது; மகள் கேட்டும் மூன்று நாள் நான் பூட்டைத் திறக்கவில்லை. நான்காம் நாள் காலை, குறித்த தேதிக்கு முன்பே வலி வந்துவிட்டது.

“மூணு நாளா? ஏம்மா?” என்றார் டாக்டர்.

பேரன் பிறந்ததிலிருந்து மருந்து ஊற்றுகிறார்கள். ரத்தப் பரிசோதனை ஆறு வாரத்தில். அதுவரை எதுவும் தெரியாது. டப்பா இப்போது மகளின் தலைமாட்டில் எல்லோரும் பார்க்கவே இருக்கிறது. யார் இருந்தாலும் வேளைக்கு நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்த நாத்தனார் இன்று வார்டுக்கு வந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“இன்னா அண்ணி, எனக்குத் தெரியக்கூடாதுன்னா மருந்த நிறுத்தின? ஒரு வார்த்த சொல்லிருந்தா அன்னிக்கே எங்க ஊட்டுக்குப் போயிருப்பேனே.”