இலையில் ஒரு பிடி மிச்சம்

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் பீங்கான் பட்டறைக்குப் புதுச் சூளை வந்தது. அதைப் பொருத்திக்கொடுக்கச் சீனாவிலிருந்து ஒரு மெக்கானிக் வந்திருந்தார். கிருத்திகையன்று மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் அவரைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார் இவர்.

எனக்கு ஒருபொழுது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. முருகனுக்குப் படைத்தாயிற்று. ஆனால் வந்தவர் சாப்பிட்டுக் கை கழுவாமல் நான் இலையில் உட்காருவதில்லை. அது நான் முருகனுக்குக் கொடுத்த வாக்கு.

மனிதர் ஆசையாகத்தான் சாப்பிட்டார். சாம்பார் சோறு முடியும்போது இலையில் ஒரு பிடியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நம் பக்கத்தில் சோற்றை நிறுத்தினால் அடுத்ததற்குக் காத்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? ரசம் ஊற்றினேன். சாப்பிட்டார், மறுபடி ஒரு பிடி. மோர் ஊற்றினேன். மறுபடி ஒரு பிடி, மறுபடி சிரிப்பு. மோருக்கு அப்புறம் எதை ஊற்றுவது? திரும்பவும் சோறு போட்டுச் சாம்பாரிலிருந்து ஆரம்பித்தேன்.

இவரை அடுப்படிக்குக் கூப்பிட்டேன்.

"என்னாங்க, அவரு எழுந்திருப்பாரா மாட்டாரா? எனக்குக் கண்ணு இருட்டிக்கினு வருது."

"சும்மா இரு. வூட்டுக்கு வந்தவங்க வயிறு ரொம்பட்டும்."

"வடையும் தீந்துபோச்சு. கொளஞ்சியப்பர் கோயில்ல அந்த முருகன்கிட்டயே பிராது எழுதிக் கட்டிடுவேன், பாத்துக்குங்க. அவரு மேல இல்ல, உங்க மேல!"

திரும்பி வந்தால் விருந்தாளிக்கு நெற்றியெல்லாம் வேர்வை. இடது கையால் போனை எடுத்து அதில் ஏதோ பேசினார். போன் தமிழில் சொன்னது: "எங்கள் ஊரில் கொஞ்சம் மிச்சம் வைத்தால் வயிறு நிறைந்துவிட்டது என்று பொருள். தயவுசெய்து போதும்."

பாவம், எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இலையை எப்படி மடிப்பது என்று காட்டினேன். கும்பிடாத குறையாக மடித்தார். பிறகு என்னைக் காட்டி, "ரெச்சிங்" என்றார். வந்தவர்களை மனசுச் சூட்டோடு, சொந்தம் மாதிரி கவனிப்பவர்களை அப்படிச் சொல்வார்களாம். அதையும் போன்தான் சொன்னது.

"சூடுன்றது சரிதான். காலையிலேர்ந்து எங்கிட்ட அப்படித்தான் இருக்கா," என்றார் இவர்.

கை கழுவிய விருந்தாளி கிளம்பவில்லை. நான் சாப்பிடவே இல்லை என்று இவர் சைகையில் காட்டியதும், என்னை உட்காரவைத்துக் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். முருகா என்று முதல் கவளத்தை வாயில் வைத்தேன். அமிர்தமாக இருந்தது. அந்த நன்றியில் "ரெச்சிங்" என்று நானும் அவரைச் சொல்லித் தொலைத்தேன். முகம் மலர்ந்து இன்னும் இரண்டு கரண்டி போட்டார். முடியவில்லை. அவர்கள் ஊர் வழக்கப்படியே ஒரு பிடியை நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.

அவரும் சிரித்தார். ரசச் சட்டியைத் தூக்கினார்.