மருதாணி மேல் போட்ட பழி

வளைகாப்பு முடிந்த மூன்றாம் நாள் உள்ளங்கை அரிக்கத் தொடங்கியது. "கோன் மெஹந்தியில என்ன கண்றாவியக் கலக்குறானோ. இனிமே அது நக்கோ, வேண்டவே வேண்டாம்," என்றாள் அம்மா. நானும் நம்பினேன். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கச்சிபௌலி ஆபீசுக்குப் போய்வந்தேன்.

மருதாணியே படாத உள்ளங்கால் ஏன் அரிக்கிறது என்று யோசிக்க எனக்குப் பத்து நாள் ஆனது. படித்தவள் என்று பெயர். கர்ப்பிணிகள் யாராவது இதைப் படித்தால், தடிப்பே இல்லாமல் கையும் காலும் அரித்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

டாக்டர் பரிசோதித்தபோது ரத்தத்தில் பித்த அமிலம் (கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் உண்டாக்குவது) ஏறியிருந்தது. அதைக் கல்லீரல் செல்லிலிருந்து வெளியே தள்ளும் கடத்துப் புரதம் (ஒரு வகை பம்பு) என் உடம்பில் கொஞ்சம் சோடையாம். கர்ப்ப கால ஹார்மோன் கூடியதும் திணறிவிட்டது. டாக்டர் தெலுங்கில் நிதானமாக விளக்கினார்.

"ரொம்பப் பழைய பம்புமா இது. திருக்கை மீனுக்கே உண்டு. மீன்லேருந்து மனுஷன் வரைக்கும் பித்தம் எவ்வளவோ மாறிடுச்சு. பம்பும் கூடவே மாறிட்டு வந்திருக்கு."

கோடிக்கணக்கான வருஷம் ஓடிய பம்பு என்னிடம் வந்துதான் மக்கர் பண்ண வேண்டுமா? எரிச்சலாக வந்தது. "குழந்தைக்கு?" என்று கேட்டேன்.

"அமிலம் ரொம்ப ஏறினா, வயித்துக்குள்ளயே திடீர்னு துடிப்பு நின்னுடலாம். அதனால முன்கூட்டியே எடுத்துடுவோம். அசைவு குறைஞ்சா உடனே வாங்க."

அதன் பிறகு எனக்கு வேறு வேலையே இல்லை. மீட்டிங்கில் யார் என்ன பேசினாலும் என் காது வயிற்றில்தான் இருந்தது. அரை மணி நேரம் அசைவில்லை என்றால் எழுந்து போய் வயிற்றைத் தட்டிப் பார்ப்பேன். ஒரு உதை விழுந்ததும் அழுவேன். மாத்திரை அரிப்பைக் கொஞ்சம் குறைத்தது, பயத்தைத் தொடவில்லை.

முப்பத்தாறாவது வாரம் வலி வரவழைத்தார்கள். பெண் குழந்தை. வீறிட்டு அழுதாள். மூன்றாம் நாள் அரிப்பு போன இடம் தெரியவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "இது பரம்பரையா வரலாம். பொண்ணு பெரியவளானதும் சொல்லிவைங்க," என்றார்.

குழந்தையை மடியில் வைத்திருந்த அம்மா நிமிர்ந்தாள். "எனக்கும் அரிச்சுது டாக்டர். ரெண்டு பிள்ளைக்கும்."

எனக்கு முன்னால் ஒரு அண்ணன், எட்டாம் மாதம் வயிற்றிலேயே இறந்துபோனவன். வீட்டில் அவன் பேச்சையே எடுக்க மாட்டோம்.

"செகந்திராபாத் ஸ்டேஷன்ல பெட்டியத் தூக்கிட்டுப் படி ஏறினேன். அதனாலதான்னு..."

"படி ஏறினதால இல்லம்மா. பெரும்பாலும் இதுவாத்தான் இருக்கும்," என்றார் டாக்டர்.

நானும் அதே அமிலத்துக்குள் கிடந்து தப்பியவள் என்று அப்போதுதான் உறைத்தது. என் உடம்பு என்னிடமிருந்து தொடங்கியதாக இப்போது தோன்றவில்லை. மகளிடம் இதைச் சொல்ல இன்னும் இருபது வருஷம் இருக்கிறது. அந்த நாளை நினைத்து இன்றே பயப்படுகிறேன்.

மெட்டுகுடா வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் அம்மா கேட்டாள்: "அப்போ அவன் போனது என்னால இல்லையா?"

"இல்லம்மா."

சிக்னலில் மறுபடியும் அதையே கேட்டாள். மறுபடியும் சொன்னேன். வீடு வந்து சேரும்வரை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.