யானையின் ஒன்றுவிட்ட தம்பிக்கு வால் கிடையாது

கல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் இருபத்தாறு வருடங்களாகக் குடியிருக்கிறேன். இத்தனை வருடங்களில் எங்கள் தெருவின் துர்கா பூஜை கமிட்டி என்னிடம் எதிலும் அபிப்பிராயம் கேட்டதில்லை. பந்தல் எங்கே, விளக்கு எப்படி, ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எதையும். ஒலிபெருக்கி என்னவோ வருடம் தவறாமல் என் படுக்கையறையைத்தான் பார்க்கும். ஆனால் அதை உறவு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஆகவே போன வருடம் மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கமிட்டி செக்ரடரி என் வீட்டுக்கு வந்து, நனைந்த செருப்பைக் கழற்றிவிட்டு, "தாதா, நீங்க இல்லாம இந்த வருஷம் பூஜை நடக்காது" என்றபோது, பக்கத்து வீடு என்று நினைத்து நுழைந்துவிட்டாரோ என்று சந்தேகப்பட்டேன். அவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். பேசும்போது நம் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார். பேசுவது வங்காளத்தில். அதை நான் இங்கே என்னால் முடிந்த தமிழில் தருகிறேன். தாதா என்றால் அங்கே அண்ணன்.

விஷயம் இதுதான். துர்கை ஒவ்வொரு வருடமும் ஒரு வாகனத்தில் பூமிக்கு வருவாள். படகா, பல்லக்கா, குதிரையா என்பதைப் பஞ்சாங்கம் முடிவு செய்யும். அந்த வருடம் யானை. யானையில் வந்தால் மழையும் விளைச்சலும் செழிக்குமாம். எனவே பந்தலின் தீம், 'யானையைக் காப்போம்'.

"சரி தாதா, அதுக்கு நான் எதுக்கு?"

"என்ன இப்படிக் கேக்கறீங்க? நீங்க சவுத் இண்டியன்! உங்க வீட்டுலல்லாம் யானைதானே!"

நான் பிறந்தது லேக் மார்க்கெட் பக்கத்தில், மளிகைக்கடைக்கு மேலே ஒரு இரண்டாம் மாடியில். அங்கே யானை ஏறியதாகத் தகவல் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போனபோது ஒரு யானையைப் பார்த்தேன். அது முதுகைக் காட்டி நின்றது, நாங்கள் கிளம்பும் வரை திரும்பவில்லை. யானையைப் பொறுத்தவரை எனக்கும் டாக்டருக்கும் ஒரே அனுபவம். இருவரும் டிக்கெட் வாங்கித்தான் பார்த்திருக்கிறோம்.

இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கமிட்டியில் ஒரு நாற்காலி என் கண்முன்னே தெரிந்தது, பிளாஸ்டிக் நாற்காலிதான் என்றாலும். வங்காளிகள் தங்கள் பேட்டையைப் பாடா என்பார்கள். அந்தப் பாடாவில் ஓர் ஆளாக வேண்டும், மாடியில் குடியிருக்கும் மெட்ராஸ்காரனாகவே ரிட்டயர் ஆகிவிடக் கூடாது என்பது என் ரகசிய ஆசை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "யானையா... அது ஒரு பெரிய சப்ஜெக்ட்" என்றேன்.

அவர் போனதும் சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள்: "யானையைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? போன மாசம் பல்லி விழுந்ததுக்குக் கட்டில் மேல ஏறி நின்னவர்தானே?"

தெரியாததைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, உண்மையிலேயே படித்தேன். மூன்று வாரம். வங்கி வேலையில்கூட இவ்வளவு படித்ததில்லை.

யானைக்கு நெருங்கிய சொந்தம் யார் என்று யாரைக் கேட்டாலும் காண்டாமிருகம் என்பார்கள், இல்லாவிட்டால் நீர்யானை. பெயரிலேயே யானை இருக்கிறது என்பது வாதம். இரண்டும் கிடையாது. ஒரு சொந்தம் கடலில் இருக்கிறது. கடற்பசு, நம் ராமநாதபுரத்து மீனவர்கள் ஆவுளியா என்று சொல்வது. யானையைப் போலவே மார்பில், முன்னங்கால் இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில், பால் கொடுக்கும். கடற்புல்லைத் தவிர எதற்கும் ஆசைப்படாது. வலையில் சிக்கி மூச்சு முட்டிச் சாகும். இன்னொரு சொந்தம்தான் என்னைக் கவிழ்த்தது. ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் பாறை இடுக்குகளில் வெயில் காயும் ஹைராக்ஸ். நம் பழைய பைபிள் மொழிபெயர்ப்பாளர்கள் அதற்குக் குழிமுசல், அதாவது குழிமுயல், என்று பேர் வைத்தார்கள். முயல் அளவு, பூசணிக்காய் வடிவம், வால் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னை யாராவது வரைந்தால் ஏறக்குறைய அப்படித்தான் வரும். ஆனால் காலைப் பார்த்தால் யானை நகம். யானை இருபத்திரண்டு மாதம் சுமக்கிறது, இந்தக் கைப்பிடிப் பிராணி ஏழெட்டு மாதம் சுமக்கிறது. முயல் ஒரே மாதத்தில் முடிக்கிற வேலை. ஆணுக்கு இருக்க வேண்டியது வெளியே தொங்காமல் வயிற்றுக்குள்ளேயே இருப்பதிலும் யானைக்கும் இதற்கும் ஒற்றுமை. குடும்பம் என்றால் இப்படி ஏதாவது ஒன்றில் சாயல் வந்துவிடும்.

கமிட்டிக் கூட்டத்தில் குழிமுயலையும் பந்தலில் வைக்க வேண்டும் என்றேன். யாரும் அசையவில்லை. பல் டாக்டரை எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியும்.

"தாதா, யானையோட தந்தம் கோரைப்பல் இல்ல. மேல் வெட்டுப்பல்."

டாக்டர் முதல்முறையாக என் வாயை விட்டு என் கண்ணைப் பார்த்தார்.

"இதுக்கும் மேல் வெட்டுப்பல்தான் குட்டித் தந்தமா நீண்டுட்டே இருக்கும். அப்புறம் யானைக்குக் கடைவாய்ப்பல் ஆறு செட். ஒண்ணு தேஞ்சா பின்னாலேருந்து அடுத்தது தள்ளிக்கிட்டு வரும். ஆறாவதும் தேஞ்சா மெல்ல முடியாம பட்டினிதான்."

"பல்லு போயா சாகுது?" என்றார் டாக்டர். "ஒரு நல்ல பல்செட் இருந்திருந்தா..."

குழிமுயல் ஏகமனதாக நிறைவேறியது.

பந்தலின் வாசலை யானை வழித்தடமாகக் கட்டுவது என்பதும் என் யோசனை. யானை தன் பாட்டி நடந்த வழியில்தான் நடக்கும். நாம் நடுவில் தண்டவாளம் போட்டுவிட்டு, யானை ஊருக்குள் வந்துவிட்டது என்போம். வடக்கு வங்காளத்தில் ரயிலில் அடிபடுகிறது. இந்தப் பக்கம் நெல் வயலில் தீப்பந்தத்தால் விரட்டுகிறார்கள், விரட்டுகிற மனிதர்களும் சாகிறார்கள். எனவே மூங்கில் காட்டுக்கு நடுவில் தடையில்லாத அகலப் பாதை. அது காகிதத்தில். பந்தல் எழும்பியபோது பாதையின் நட்டநடுவில் டாக்டரின் மைத்துனருடைய எக் ரோல் கடை வந்துவிட்டது. ஜனங்கள் பக்கவாட்டில் நசுங்கிப் போக வேண்டியிருந்தது. "தாதா, இது வழித்தடம்" என்றேன். "கடை பதினாலு வருஷமா இதே இடம்" என்றார் மைத்துனர். தீம் இவ்வளவு தத்ரூபமாக அமையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சாமி சிலை செய்பவர்களின் பேட்டையான குமார்டுலியிலிருந்து வந்த சிற்பி ஒரு கெட்டிக்காரர். நான் காட்டிய படத்தைப் பார்த்து, வைக்கோலும் களிமண்ணும் வைத்து, ஆளுயர யானையின் காலடியில் ஒரு குழிமுயலை உட்கார வைத்தார். தேவைக்கு மூன்று மடங்கு பெரிதாக, தூரத்திலிருந்து தெரியட்டும் என்று. பக்கத்தில் வங்காளத்தில் எழுதிய பலகை: 'யானையின் நெருங்கிய உறவினர்.' மேலே நீலத் துணியில் கடற்பசு தொங்கியது. அதை எல்லோரும் ஹில்சா மீன் என்று நினைத்து ஏக்கத்தோடு பார்த்தார்கள்.

பஞ்சமியன்று பந்தல் திறந்தது. முதல் அரைமணி நேரத்திலேயே என் தப்பு எனக்குப் புரிந்துவிட்டது. யானையின் காலடியில், காது சின்னதாக, மீசையோடு, பழுப்பாக ஒரு பிராணியை உட்கார வைத்துவிட்டு, இந்த தேசத்தில் யாரும் அதை என்னவென்று நினைப்பார்கள் என்று மூன்று வாரம் படித்த நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"ஐயோ, கணேஷோட எலி!" என்றார் ஒருவர். "என்ன குண்டு!"

"மோதகம் தின்னு தின்னுதான்."

"அங்க அம்மன் பக்கத்துல கணேஷ் காலடியில ஒரு எலி இருக்கே?"

"அது பையன். இது அப்பா."

சஷ்டிக்குள் குழிமுயலின் முன்னால் சந்தேஷ் இனிப்பு சேர ஆரம்பித்தது. குங்குமம் வந்தது. எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடி பௌதி, அதாவது அண்ணி, குனிந்து, அதன் காதில் கையை வைத்து மறைத்துக்கொண்டு, மகனின் விசாவைப் பற்றி நீளமாகச் சொன்னார். "பௌதி, இது எலி இல்லை" என்று நான் ஆரம்பித்தேன். "சும்மா இருங்க தாதா, நடுவுல பேசினா பலிக்காது" என்றார்.

கூட்டம் குவிந்ததில் கமிட்டிக்கு மகிழ்ச்சி. ஒரே ஒரு புகார். வால் எங்கே? வாலில்லாத எலியை வைத்தால் என் கைக்குத்தான் கெட்ட பேர் என்று சிற்பி அழாத குறை. சப்தமி காலை அவசரக் கூட்டம். மத்தியானம் ஒரு பத்திரிகை நடத்தும் போட்டிக்கு நடுவர்கள் வருகிறார்கள்.

"தாதா, ஒரு சின்ன வால்" என்றார் டாக்டர். "அரை வால் வேணாலும் வச்சுக்கலாம்."

"வால் வச்சா எலி. வைக்கலைன்னாதான் யானைக்குச் சொந்தம். தீமே அதுதானே?"

"ஜனங்க கும்பிடறாங்களே, உங்களுக்கு என்ன நஷ்டம்?"

ஓட்டெடுப்பு நடந்தது. வாலுக்குப் பதினொன்று, எதிர்த்து ஒன்று. அந்த ஒன்று யார் என்று சொல்லத் தேவையில்லை. கலைந்து போகும்போது டாக்டர் என் தோளைத் தட்டினார். "ஜட்ஜ் கேட்டா எலின்னு சொல்லிடுங்க. அடுத்த வருஷமும் தீம் உங்க கையிலதான்." அன்பாகத்தான் சொன்னார். அதில்தான் கஷ்டம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "ஒரு வாலுக்காக இருபத்தாறு வருஷத்தைக் கெடுத்துக்காதீங்க" என்றாள். பிறகு, வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "ஆனா அதுக்கு வால் இல்லதானே?" என்றாள். இப்படிப் பேசினால் ஒரு மனிதன் என்ன முடிவுக்கு வருவது?

மூன்று மணிக்கு மூன்று நடுவர்கள் வந்தார்கள். ரோல் கடையைச் சுற்றி நசுங்கி உள்ளே வந்ததில் அவர்கள் முகம் அவ்வளவு நன்றாக இல்லை. அவர்களில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் குழிமுயலின் முன் நின்றார். அதற்குப் பின்னால் இப்போது ஒரு முழ நீளத்துக்குச் சணல் கயிற்று வால், அழகாகச் சுருண்டிருந்தது.

"பலகையில உறவினர்னு போட்டிருக்கு. இது எலிதானே?"

பதினோரு பேர் என்னைப் பார்த்தார்கள். 'ஆமாம்' என்பது வங்காளத்தில் ஒரே ஓர் எழுத்து. வாயைத் திறந்தேன்.

"இல்லை மேடம். இது ஹைராக்ஸ். யானையோட ஒன்றுவிட்ட தம்பி."

"ஓ. அதுக்கு வால் உண்டா?"

"கிடையாது."

"இது?"

குனிந்து வாலைப் பிடித்து இழுத்தேன். அதை மட்டும் எடுக்க நினைத்தேன் என்பது சத்தியம். சிற்பி மனப்பூர்வமாக ஒட்டியிருந்தார். வாலோடு பின்பக்கத்தில் பாதியும் வந்துவிட்டது. உள்ளேயிருந்து வைக்கோல் எட்டிப் பார்த்தது. கையில் வாலோடு நின்றுகொண்டு, என் வங்காளத்தில், நகம், தந்தம், ஏழெட்டு மாதக் கர்ப்பம் எல்லாவற்றையும் சொன்னேன். பதற்றத்தில், ஆண் சமாசாரம் உள்ளே இருப்பதையும் சொல்லிவிட்டேன். அதற்கு மரியாதையான வங்காளச் சொல் எனக்குத் தெரியாது. கைகளால் விளக்கினேன். அந்த அம்மாள் அதையும் குறித்துக்கொண்டார்.

பரிசு வேறொரு பாடாவுக்குப் போனது. பழைய குடைகளாலேயே மேகம் கட்டியிருந்தார்களாம்.

மறுநாள் அஷ்டமி. வீட்டை விட்டு வெளியே போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பதினொரு மணிக்கு டாக்டர் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றார்.

"தீம் கமிட்டியில இனிமே நீங்க இல்ல. எல்லாரும் சொல்லிட்டாங்க. நானும்தான்."

"சரி தாதா."

"பல்லைப் பத்தி நீங்க சொன்னதை அவங்ககிட்டச் சொல்லவே இல்லையே? எல்லாத்தையும் சொன்னீங்க. அந்தக் கண்றாவியைக்கூடச் சொன்னீங்க. ஆறு செட் பல்லை விட்டுட்டீங்க."

"பதற்றத்துல மறந்துட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் என் வாயைப் பார்த்தார். "போகப் பிரசாதம் பரிமாற ஆள் பத்தலை. உங்க ஊர்க்காரங்களுக்குச் சாம்பார் ஊத்தத் தெரியும். கிச்சுடியும் அப்படித்தான். வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வாங்க."

வீட்டில் சாம்பார் ஊற்றுவது என் மனைவி. இதையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பந்தலுக்குப் பின்னால் நீளமான மேசைகள், இலைத் தட்டுகள், அம்மனுக்குப் படைத்த கிச்சுடி ஆவி பறக்க ஓர் அண்டா. கையில் ஒரு வாளியையும் கரண்டியையும் திணித்தார்கள். ரோல் கடை மைத்துனர் முன்னால் பொரியலோடு போனார், நான் பின்னால் கிச்சுடியோடு. மூன்றாவது தட்டிலேயே அளவு தப்பி மேசையில் வழிந்தது.

"தாதா! கண்ணை எங்க வச்சிருக்கீங்க?" என்று ஒருவர் கத்தினார்.

"இந்தப் பக்கம் வரவே இல்ல! வால் பிடுங்கின தாதா, இங்க, இங்க!"

"அவருக்கு யாரு வாளி குடுத்தது?"

இருபத்தாறு வருடங்களில் இந்தத் தெருவில் யாரும் என்னை இப்படி உரிமையோடு திட்டியதில்லை. வாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வேகமாக நடந்தேன்.