கன்னத்துக்குப் போகும் கை

இருபத்தாறு வயதில் எனக்கு முகப்பரு வந்தது. பள்ளிக்கூடக் காலத்தில்கூட வராதது, கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு வந்தது. தாடை ஓரமெல்லாம் உள்ளுக்குள்ளேயே நின்று வலிக்கும் பருக்கள். பஸ்ஸில் ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தால் மற்றக் கை கன்னத்தில் இருக்கும். தடவும், தேடும், கிடைத்ததை நசுக்கும். நசுக்கியதும் மனம் கொஞ்சம் அடங்கும். மறுநாள் அந்த இடம் இன்னும் வீங்கியிருக்கும். ஆறினால் கறுப்புத் தழும்பு, சில இடங்களில் குழி.

"முகத்தைத் தொடாதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" என்பார் அம்மா. சொல்லிவிட்டு என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையே என்னை மறுபடி கண்ணாடிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும்.

அப்போது எனக்குக் கல்யாணம் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஸ்டூடியோவில் படம் எடுத்தவர்கள் கேட்காமலே என் கன்னங்களை வழுவழுப்பாக்கித் தந்தார்கள். படத்தைப் பார்க்கப் பார்க்கப் பதற்றம் கூடியது. படத்தில் இருக்கும் இவளைப் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் நான் எப்படிப் போய் நிற்பது?

அவசரத்தில் ஒரு சலூனில், பெயர் எதுவும் ஒட்டாத டப்பாவில் விற்ற கிறீமை வாங்கிப் பூசினேன். முதலில் முகம் பளிச்சென்று ஆனது. பிறகு சிவந்தது, வெயில் பட்டால் எரிந்தது. நிறுத்தினால் பருக்கள் கூட்டமாகக் கிளம்பின. பயந்துபோய்த் திரும்பவும் பூசினேன்.

ஒஃபீசில் எதிர் மேசையில் இருந்தவர் கொட்டாஞ்சேனைக்காரர். என்னைவிடச் சில வயது மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். அவருடைய இரு கன்னங்களிலும் பழைய பருக்களின் குழிகள் இருந்தன. எவ்வளவு பவுடர் போட்டாலும் மறையாது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"ஸ்கின் டொக்டர்கிட்ட போவமா? எனக்கும் போகணும். தனியாப் போக வெக்கமா இருக்கு."

"நான் இண்டைக்கே வாறன், அக்கா," என்றேன்.

டொக்டர் அம்மா தமிழர். என் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல ஸ்டீரொயிட் கலந்திருக்கும் போல," என்றார். நான் முதலில் கேட்டது குழிகளைப் பற்றித்தான். "எப்ப மாறும்?"

"முதல்ல பரு அடங்கோணும். பரு இருக்கேக்க குழிக்கு ஒண்டும் செய்ய மாட்டன். இந்தக் கிறீமை விட்டதும் இன்னும் கூடும், பயப்படாதேங்கோ. ஜெல் தாறன். வெளியில போகேக்க சன்ஸ்கிறீன். கறுப்பு மெல்ல மெல்ல மங்கும். நசுக்கினா புதுக் குழி வரும்."

அக்காவுக்குப் பரு எப்போதோ நின்றுவிட்டதால், ஊசிகளால் தோலைக் குத்திச் செய்யும் சிகிச்சையை உடனே தொடங்கலாம் என்றார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது எனக்கு அழுகை வந்தது. அவருக்குச் சிகிச்சை, எனக்கு வெறும் காத்திருப்பா?

டொக்டர் சொன்னபடியே முகம் மோசமானது. தோல் உரிந்தது. கண்ணாடியைத் துவாயால் மூடினேன், ஆனால் ஃபோனில் முகத்தைப் பார்த்தேன். பருக்களின் மேல் ஒட்டும் சிறிய பிளாஸ்டர்களை அக்கா வாங்கித் தந்தார். விரல் போனாலும் நகத்துக்கு எதுவும் அகப்படவில்லை. அவருடைய கன்னம் சிவந்து, ஆறி, சிகிச்சைக்குச் சிகிச்சை சமமாகிக்கொண்டு வந்ததைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடையில் அந்தக் கல்யாணப் பேச்சு நின்றுபோனது. சாதகம் பொருந்தவில்லையாம். முகத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா கவலைப்பட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது.

மாதங்கள் போய்ப் பரு அடங்கியதும் எனக்கும் ஊசி தொடங்கியது. மரக்க வைக்கும் கிறீமை மீறியும் எரிந்தது. அக்கா வெளியே காத்திருந்தார். இப்போது தாடைக் குழிகள் பாதி மேவி நிரம்பிவிட்டன. இடது கன்னத்தில் மூன்று அப்படியே நிற்கின்றன. முழுவதும் போகாது என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். புதிதாக ஒன்றும் வரவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருக்கை கிடைத்தால், வெயில் விழாத பக்கமா என்று பார்த்துத்தான் இன்னமும் உட்காருகிறேன்.