அண்ணி போட்ட சோறு

அண்ணன் கையைத் தூக்கியபோது கைக்கடிகாரம் முழங்கைவரை சரிந்து இறங்கியது. அதைத்தான் முதலில் பார்த்தேன். கரியாலூர் மலைச் சரிவில் மரவள்ளிக் கிழங்கு மூட்டையைத் தனியாளாக முதுகில் ஏற்றியவர். வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்து நான்கே மாதம் ஆகியிருந்தது. வடக்கனந்தல் வீட்டில் கட்டிலோடு கிடந்தார்.

அம்மா பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அண்ணியைக் குறை சொன்னாள். "எம்புள்ளைய பட்டினி போட்டே உருக்கிக்கினு இருக்கா." அண்ணி அடுப்படியில் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தார். நான் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவள். காரணம் எனக்குத் தெரியும். இருந்தும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வாய் திறக்காமல் வந்து போனேன். பழி யார்மேலாவது இருந்தால் தேவலை என்று எனக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

நான்காம் ஞாயிறு, அண்ணியின் கையிலிருந்த கூழ்க் கிண்ணத்தை அம்மா பிடுங்கினாள். அப்போதுதான் சொன்னேன்.

"சோறு கம்மியானதால இல்லம்மா. நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லும் தன்னோட புரதத்தைத் தானே ஒடைக்கும். பழசானது, கெட்டுப்போனது மேல ஒரு குறி போடும். குறி விழுந்ததை உள்ள இழுத்துத் துண்டு துண்டா வெட்டும். அந்தத் துண்டை வெச்சிப் புதுசு கட்டும். ஒனக்கும் எனக்கும் இப்பவும் அதான் நடக்குது. இந்த நோயில நல்லா இருக்கற சதை மேலயும் குறி விழுது. ஒடைக்கறது ஜாஸ்தி, கட்டறது கம்மி. அண்ணி எவ்வளவு போட்டாலும் ஈடுகட்டாது."

அண்ணன் கண்ணைத் திறந்தார். "அப்ப என்னைய நானே தின்னுக்கினு இருக்கனா, பாப்பா?"

ஆமாம் என்றேன். அம்மா கிண்ணத்தை அண்ணியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

பதினோரு நாள் கழித்து அண்ணன் இறந்தார். எனக்கு அழுகை வரவில்லை. இன்றும் ஆண்டுதோறும் வகுப்பில் அந்தப் புரதச் சிதைவுப் பாடம் வருகிறது. கரும்பலகையில் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கிறேன். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள்.

கருமாதி முடிந்த பிற்பகலில், பாத்திரம் கழுவிக்கொண்டே அண்ணி கேட்டார். "அன்னிக்கு நீ சொன்னது நெஜமா? இல்ல, எனக்காவ சொன்னியா?"

"நெஜந்தாங்க அண்ணி."

"அப்ப நான் போட்டதெல்லாம் இன்னா ஆச்சி?"

"அதுவும் கொஞ்சம் சதையாத்தான் ஆச்சுங்க. ஆனதை ஒடம்பு திரும்ப ஒடைச்சிடுச்சி."

அண்ணி குழாயை மூடினார்.

"கொஞ்ச நேரமாச்சும் இருந்துதில்ல."

"இருந்துச்சிங்க" என்றேன்.