கமிட்டித் தலைவி

ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன் நான். இன்று ஓசூரில் சொந்த கார்மெண்ட்ஸ் நடத்துகிறேன். என் யூனிட்டில் தைத்த சட்டைகள் வெளிநாட்டுக் கடைகளில் தொங்குகின்றன.

பெண் தொழிலாளர்களின் புகாரைக் கேட்க ஒரு கமிட்டி வேண்டும், அது உலக மனித உரிமை விதி என்று சட்டை வாங்குகிற கம்பெனி சொன்னது. தலைவியும் பெண்ணாக இருக்க வேண்டுமாம். இங்கே பல முதலாளிகள் செய்வதையே நானும் செய்தேன். என் மனைவி பெயரைப் போட்டேன்.

அவளோ அதை நிஜம் என்று நம்பிவிட்டாள். தேன்கனிக்கோட்டையிலிருந்து வரும் டெய்லர் மஞ்சுளா ஒருநாள் அவளிடம் அழுதிருக்கிறாள். சூப்பர்வைசர் அவள் மேல் கை வைக்கிறானாம். அவன் என் தங்கை மகன்.

என் மனைவி மஞ்சுளாவைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். "ஏங்க, அவனை இன்னிக்கே நிறுத்துங்க."

"அவன் இல்லாம தையல் லைன் ஓடாது. உன்னைப் பேருக்குத்தானே போட்டேன்? கலெக்டராட்டம் பேசற!" என்று சிரித்தேன்.

மஞ்சுளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "விடுங்கம்மா, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு." அதன்பின் அவள் வேலைக்கு வரவில்லை.

அடுத்த வாரம் சட்டை வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள், புகாரே இல்லாத கம்பெனி என்று என் கையைக் குலுக்கினார்கள். பெருமையாக வீட்டில் சொன்னேன்.

"இத்தனை வருசம் இந்த வூட்டுலயும் நான் பேருக்குத்தான் இருந்தனா?" என்று கேட்டாள் மனைவி.

பேச்சில் யாரிடமும் தோற்காதவன் நான். அன்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். தங்கையின் முகத்துக்குப் பயந்து அவள் மகனையும் நிறுத்தவில்லை. அவன் இன்னும் அதே லைனில்தான் நிற்கிறான்.