புள்ளிகள் காணாமல் போன வரி

காலை பத்து இருபதுக்குத் திரையில் அந்த வரி ஏறியது. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

நெருப்பெரிச்சல் என்கிற பகுதியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி, இத்தனை வருடமும் வெளிநாட்டுக்காரர்களின் பெயரில் தைத்து அனுப்பிவிட்டு, முதல்முறையாகச் சொந்தப் பெயரில் துணி விற்க இறங்கியிருந்தது. அதற்கான இணையதளத்தை அன்று திறந்து வைத்தார்கள். பேக்கிங் ஹாலை ஒழித்து நாற்காலி போட்டு, சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டியிருந்தார்கள். முதலாளி தன் போனில் தொட்டால் அது டிவியில் தெரியும். அந்தத் தளத்தில் நாம் கண்ணால் பார்க்கிறது எல்லாம், நிறம், எழுத்து, படம் நகர்கிற விதம், பட்டன், என் மகள் செய்தது.

முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி, கீழிருந்து மெல்ல எழுந்து வந்து நிற்கும். ‘உள்ளத்துக்கும் உடம்புக்கும் பருத்தி.’ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அது எழுந்து வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலாளி தொட்டார். வரி எழுந்து வந்து நின்றது.

‘உளளததுககும உடமபுககும பருததி.’

ஒரு புள்ளிகூட இல்லை. சீவிவிட்டதைப்போல வரியின் தலை தட்டையாக இருந்தது. கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. முன்வரிசையில் இருந்த முதலாளியின் மச்சினர்தான் முதலில் வாயைத் திறந்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி, “உ... ள... ள... த... து... க...” என்று படித்துவிட்டு, “ஏனுங் மாப்ள, பெரிய புள்ளியெல்லாம் வந்து உக்காந்திருக்கறாங்க, சின்னப் புள்ளியத்தான் காணோம்” என்றார்.

ஹாலே சிரித்தது. முதலாளியும் சிரித்தார். போனை இருட்டாக்கி மறுபடி திறந்தார். மறுபடியும் அதே வரி.

“மொட்டையடிச்சுக் கூட்டியாந்துட்டீங்களா?” என்றார் மச்சினர்.

நான் திரும்பி மகளைப் பார்த்தேன். கடைசி வரிசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். அதை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவளுடைய திரையில் எல்லாப் புள்ளிகளும் இருந்தன. “எனக்கு வருதுங்கம்மா” என்று உதடு அசைந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. யாரோ பாக்கு மட்டைத் தட்டில் பலகாரம் நீட்ட, நான் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது.

அவள் எழுந்து போனது எனக்கு ஏன் அவ்வளவு பயமாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பெங்களூரில் ஒரு கம்பெனியில் இதே வேலையில் இருந்தாள். ஒருநாள் காலை அவளோடு பலரையும் ஒரே அழைப்பில் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பையோடு மண்ணரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவள் அறைக்குள் போனாள். பல மாதம் வெளியே வரவில்லை. தட்டை வாசலில் வைத்தால் பாதி காலியாகித் திரும்பும். சில நாள் அதுவும் இல்லை. கதவுக்கு வெளியே நின்று மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போவேன். உள்ளே அவள் இருக்கிறாள் என்பதற்கு எனக்கு அந்தச் சத்தம் போதும் என்று ஆகியிருந்தது. டாக்டரிடம் போகலாம் என்றால், “எனக்கு ஒன்னும் இல்லீங்கம்மா” என்பாள். இந்த வேலையை முதலாளியிடம் நான்தான் கேட்டு வாங்கினேன். கிடைத்த பிறகு மடிக்கணினியோடு சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். ‘பருத்தி’க்கு முன்னால் ப் வருமா என்று என்னைக் கேட்டாள். வராது என்றேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

புள்ளி ஏன் போனது என்பது அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. பிறகு அவள் சொல்லித்தான் புரிந்தது. வரி கீழிருந்து எழுவதுபோல் காட்ட அதை ஒரு பெட்டிக்குள் வைத்து, பெட்டிக்கு வெளியே நீட்டுகிற எதையும் மறைக்கச் சொல்ல வேண்டுமாம். அதற்கு ‘ஓவர்ஃப்ளோ ஹிடன்’ என்று பெயர். பெட்டியின் உயரத்தை எழுத்தின் அளவுக்கே, ‘ஒன்று’ என்று, வைத்திருந்தாள். ஆங்கில எழுத்துக்கு அந்த ஒன்று போதும். அவள் தேர்ந்தெடுத்த தமிழ் எழுத்துருவும் அதற்குள் எப்படியோ அடங்கியது. ஹாலில் இணையம் இழுத்துக்கொண்டிருந்ததால் முதலாளியின் போனுக்கு அந்த எழுத்துரு வந்து சேரவில்லை. போனில் ஏற்கெனவே இருந்த வேறு எழுத்துரு அந்த இடத்தில் ஏறிக்கொண்டது. அதில் புள்ளி இன்னும் உயரத்தில் உட்காரும். பெட்டி அதை வெட்டிவிட்டது. டம்மி பொம்மைக்குப் போட்டுப் பார்த்த பனியன் கழுத்து, ஆளுக்குத் தலை நுழையாமல் போகுமே, அதுபோல.

அவளுக்கு இந்தச் சந்தேகம் முன்பே வந்திருந்தது. ஆனால் எங்கள் ஊர் வழக்கம் வேறு. இங்கே சாம்பிளுக்குச் சீட்டுக் கட்டி, சரக்கை வாங்குகிற பையர் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடக்கூடாது. முதலாளி அவளுடைய பக்கங்களையும் கலரில் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்த பனியன்களோடு ஆணியில் தொங்கவிட்டார். இரண்டு நாள் கழித்து என் முன்னால்தான் இந்தப் பேச்சு நடந்தது.

“வரிக்கு மேல கொஞ்சம் எடம் விட்டுக்கறேனுங்க அங்கிள்.”

“சீல் வெச்ச சாம்பிள்ல நூலப் பிரிக்கக் கூடாது கண்ணு. நாளைக்குப் பையர் கேட்டா நா என்னன்னு சொல்றது?”

“இதுக்குப் பையர் யாருங்க?”

“நாந்தான்.”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு, “இது பேப்பர் இல்லீங்க. ஒவ்வொரு போன்லயும் ஒவ்வொரு மாதிரி உக்காரும்” என்றாள்.

“சாயம் பீசுக்குப் பீசு மாறுற மாதிரி ஒவ்வொரு மாதிரி வந்தா அதுக்குப் பேரு ஷேட் வேரியேஷன். அத நா வெளிநாட்டுக்காரங்கிட்டயே ஒத்துக்க மாட்டேன்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவள் அதன் பிறகு கேட்கவில்லை.

திறப்பு விழா அன்று, ஹாலிலிருந்து நான் அவளைத் தேடிக் கீழே இறங்கினேன். கட்டிங் டேபிள் பக்கம் இல்லை. வாசலில் அவள் ஸ்கூட்டரும் இல்லை. போன் செய்தேன். முழுக்க அடித்து நின்றது. மறுபடி செய்தேன், அடித்தது. மேலே போய் முதலாளியிடம், “அண்ணா, புள்ளையக் காணோமுங்க” என்றேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் எழுந்துவிட்டார். “நீங்க மொதல்ல ஊட்டுக்குப் போங்கம்மா. இது கெடக்குது” என்றார்.

ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். பூட்டியிருந்தது. மறுபடி போன் செய்தபோது அது அணைந்திருந்தது. தொடர்பில் இல்லை என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. தமிழில் சொல்லி, ஆங்கிலத்திலும் சொன்னது. அடித்துக்கொண்டிருந்த போன் ஏன் அணைய வேண்டும் என்று யோசித்த இடத்திலிருந்து என் புத்தி வேறு எங்கும் போகவில்லை. ஆட்டோவைத் திருப்பி நொய்யல் ஆற்றுப் பாலத்துக்குப் போகச் சொன்னேன். பாலத்தில் நின்று கீழே பார்த்தேன். நுரையும் குப்பையுமாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரியும், அதை நானே எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆட்டோக்காரர், “யாரத் தேடறீங்கக்கா?” என்றார். மகளை என்று சொல்ல வாய் வரவில்லை. கம்மல் விழுந்துவிட்டது என்றேன். அவரும் இறங்கிக் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சேவூர்த் தோட்டத்தில் இருந்த அவள் அப்பாவுக்குச் சொன்னேன். “போலீஸுக்குப் போலாமா?” என்றார். போய் என்ன சொல்வது? புள்ளி வரவில்லை, அதனால் பெண்ணைக் காணோம் என்றா? “நீ ஊட்டு வாசல்லயே நில்லு. நா கெளம்பறேன்” என்றார். நின்றேன். அவளுக்குக் கம்ப்யூட்டர் கோடு எழுதத் தெரியும், எனக்குத் தெரியாது. அவளுக்கு என்ன தவறு நடந்தது என்பதும் எனக்குத் தெரியாது, யாரிடம் கேட்டால் சரியாகும் என்பதும் தெரியாது. ஒரு காலர் கோணலானால் எந்த மெஷினில், எந்தத் தையலில் கோணியது என்று கண்டுபிடித்துவிடுவேன். இதில் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு நூல்கூட இல்லை.

தெருவில் ஸ்கூட்டர் சத்தம் வரும்போதெல்லாம் வெளியே ஓடினேன். ஒருமுறை கொரியர். ஒருமுறை எதிர்வீட்டுக்காரர். அவர், “என்னங்க, வெயில்ல நிக்கறீங்க?” என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து மேற்கொண்டு கேட்கவில்லை. முதலாளி இரண்டு முறை கூப்பிட்டு, “வந்துட்டாளுங்களா?” என்றார். அவருக்குப் பதில் சொல்லும் நேரத்தில் அவள் கூப்பிட்டுவிடுவாளோ என்று பயந்து உடனே வைத்துவிட்டேன்.

சாயங்கால வெயில் எதிர்ச்சுவரில் ஏறியிருந்தபோது அவள் ஸ்கூட்டர் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே இறங்கினாள். நான் அவள் கையைப் பிடித்தேன், பிடித்தபடியே நின்றேன்.

“போன் ஏன் கண்ணு அணைச்சே?”

“அணைக்கலீங்கம்மா. வண்டி ஓட்டறப்ப அடிச்சது கேக்கல, அப்பறம் சார்ஜ் தீந்துபோச்சு. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செகண்ட்ஹேண்ட் போன் கடைக்குப் போயிருந்தேன். அங்க ஒன்னுலயும் சிம் இல்ல. எல்லாத்துக்கும் என் போன்ல இருந்துதான் நெட்டு குடுத்தேன். கடைக்காரர் ஒவ்வொன்னா எடுத்து வெச்சுக்கிட்டே இருந்தாரு. எல்லாத்துலயும் பாத்துட்டேன். எடம் விட்டு, அந்தப் பெட்டியோட ஒசரத்த ஒன்னுல இருந்து ஒன்னரை ஆக்கினேன். இப்பப் புள்ளி நிக்குது.”

அப்போதுதான் அவள் கையை விட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எதையோ புரிந்துகொண்டு அதைப் பேசாமல் விடுகிற பார்வை. இப்போதும் அவள் அறைக் கதவு சாத்தியிருந்தால் நான் ஒருமுறை மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.

அன்று அவள் ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மற்றொரு கையை நீட்டினாள்.

“உங்க போனக் குடுங்கம்மா. இதுலதான் இன்னும் பாக்கல.”